பந்தும் கயிறும்: மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கிய வரலாறு

(சற்று நீளமான பதிவு. மருத்துவ வரலாறும் பெண்ணிய ஆய்வும் பயிலும் மாணவ நண்பர்களை மனத்தில் கொண்டு எழுதியது.)

மார்பில் தென்பட்ட கட்டியொன்றைச் சோதித்துப் பார்ப்பதற்காக 1952இல் நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண்மணி மருத்துவமனையில் சேர்ந்தார். மயக்கம் தெளிந்து விழித்தபோது அவருடைய ஒரு மார்பகம் அகற்றப்பட்டிருந்தது. தவறுதலாக நேர்ந்ததன்று இது. அக்காலத்து முறையே அதுதான். நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே கட்டியின் ஒரு துண்டை எடுத்துச் சோதிப்பார்கள். புற்று என்று தெரிந்தால் அதே மேசையில், அதே மயக்கத்தில், மார்பகத்தை எடுத்துவிடுவார்கள். எந்த உடலோடு எழப்போகிறோம் என்று அறியாமலேயே பெண்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் படுத்தார்கள்.

அறுவை நன்றாகவே முடிந்தது. ஆனால் லாசருக்கு இருந்த கேள்விகள் வேறு. கையை எப்போது தலைக்கு மேல் தூக்க முடியும்? பழைய உடைகளை இனி எப்படி அணிவது? கணவரிடம் என்ன பேசுவது? இவற்றுக்கு விடை தெரிந்தவர்கள் இருக்கத்தான் செய்தார்கள்: அதே அறுவைக்கு முன்பே உட்பட்ட பெண்கள். அவர்கள் யார், எந்தத் தெருவில் வசிக்கிறார்கள் என்பதுதான் எவருக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் அதை மறைத்தே வாழ்ந்தார்கள்.

மார்பகப் புற்றுநோயின் வரலாற்றைக் கத்தி, கதிர், மருந்து ஆகிய மூன்றின் வரலாறாகவே நாம் பெரும்பாலும் படிக்கிறோம். நோயாளிகள் ஒருவருக்கொருவர் துணைநின்றது அதன் அடிக்குறிப்பில் இடம்பெறும், அதுவும் பரிவின் கணக்கில். இந்த வரிசை சரியன்று என்பது என் எண்ணம். நோயுற்று மீண்ட பெண், அடுத்து வருபவளுக்குச் சொன்னதில் மருத்துவத்திடம் இல்லாத அறிவு ஒன்று இருந்தது. அந்த அறிவை மருத்துவ நிறுவனம் ஏற்றுக்கொண்டபோதெல்லாம் ஒரு நிபந்தனையையும் சேர்த்தே விதித்தது. அந்த நிபந்தனைகளோடு பெண்கள் நடத்திய வழக்கைத்தான் இங்கே பின்தொடர முயல்கிறேன்.

மிகப் பழைய சான்றொன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கில நாவலாசிரியை ஃபேன்னி பர்னிக்கு 1811 செப்டம்பர் 30 அன்று பாரிசில் மார்பகம் அகற்றப்பட்டது. கத்தி பிடித்தவர் நெப்போலியனின் புகழ்பெற்ற படைமருத்துவர் லாரே. ஈதர் மயக்கம் நடைமுறைக்கு வர இன்னும் 35 ஆண்டுகள் இருந்தன. அன்று நடந்த அத்தனையையும் பர்னி தம் அக்கா எஸ்தருக்கு நீண்ட கடிதமாக எழுதினார். அதை எழுதி முடிக்கப் பல மாதங்கள் ஆயின. எழுதியதைத் திரும்பப் படிக்க அவரால் இயலவில்லை. இன்று மருத்துவ வரலாற்று வகுப்புகளில் இக்கடிதத்தை அறுவை முறைக்கான ஆவணமாகப் படிப்பிக்கிறோம். கடிதத்தின் மேல் யார் பெயர் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மருத்துவர் குழுவுக்கோ வாசக உலகுக்கோ அவர் எழுதவில்லை. ஒரு பெண் மற்றொரு பெண்ணுக்கு எழுதினார். அதன்பின் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1840இல் மறைந்தார்.

மீண்டும் லாசருக்கு வருவோம். அவருக்குச் செய்யப்பட்ட அறுவைக்கு வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற மருத்துவரின் பெயர் வழங்கியது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய அவர், 50 நோயாளிகளின் முடிவுகளை 1894இல் வெளியிட்டார். மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள மார்புத் தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் ஒரே தொகுதியாக வெட்டியெடுப்பது அவர் முறை. நோய் அதே இடத்தில் மீண்டும் தலைகாட்டுவதை அது கணிசமாகக் குறைத்தது. அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் மீண்டெழுந்த பெண்ணின் நெஞ்சு குழிந்திருந்தது, தோள் இறுகியிருந்தது, பலருக்குக் கை வீங்கியது. தலைவாரக் கை எழாது. முதுகுப்புறப் பொத்தானை எட்டாது. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு காலம் அமெரிக்காவில் இதுவே பொதுவழக்கான சிகிச்சையாக நீடித்தது.

அந்தக் கைக்காகத்தான் லாசர் ஒரு பை தைத்தார் எனலாம். அதில் ஒரு ரப்பர்ப் பந்து, ஒரு கயிறு, உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளத் தற்காலிகச் செயற்கை மார்பகம் ஒன்று, ஒரு கையேடு. பந்தைக் கைக்குள் வைத்து அழுத்த வேண்டும். கயிற்றைக் கதவின் மேல் போட்டு இரு முனைகளையும் பிடித்து, நல்ல கையால் இழுத்து நோயுற்ற கையை மேலேற்ற வேண்டும். சுவரில் விரல்களால் எறும்புபோல ஊர்ந்து, நேற்றுத் தொட்ட உயரத்தை இன்று ஓர் அங்குலமேனும் தாண்ட வேண்டும். (லாசரின் கணவர் ஜே. கே. லாசர் அமெரிக்க வீடுகளில் ஆண்டுதோறும் புரட்டப்பட்ட வருமானவரிக் கையேட்டை எழுதியவர். கடினமானதைப் படிப்படியாக எழுதித் தரும் கலை அந்த வீட்டுக்குப் புதிதன்று.) நன்றாக உடுத்திக்கொண்டு, நிமிர்ந்து, வார்டுக்குள் நுழைந்து, ‘எனக்கும் இதுதான் நடந்தது, என்னைப் பாருங்கள்’ என்று நிற்பதுதான் லாசரின் வைத்தியம். எத்தனை பேராசிரியர்கள் சொன்னாலும் அந்த வாக்கியத்தின் எடை வராது.

எதிர்ப்பு எழுந்தது. தம் நோயாளியிடம் மருத்துவப் பட்டமற்ற ஒருத்தி பேசுவதைப் பல அறுவை மருத்துவர்கள் விரும்பவில்லை. ‘ரீச் டு ரெகவரி’ என்று பெயர் பெற்ற இவ்வியக்கம் 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் திட்டமாக ஏற்கப்பட்டபோது விதிகளும் உறுதிப்பட்டன. மருத்துவர் அனுமதித்தால் மட்டுமே தொண்டர் நோயாளியைக் காணலாம். சிகிச்சை பற்றிப் பேசக் கூடாது. அதாவது, அறுவைக்குப் பிந்தைய கை அவளுடையது. அறுவை வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பது அவளுடையதன்று. இந்த நிபந்தனையை லாசரே மனமுவந்து ஏற்றார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் கண்ட மீட்சி, பழைய உருவத்துக்குத் திரும்புவது. வெளியிலிருந்து பார்ப்பவர் எவரும் கண்டுபிடிக்க முடியாதபடி வாழ்வது. இன்றைய நம் கண்களுக்கு அது குறுகலாகத் தெரியலாம். ஆனால் 1950களில், அந்த நோயின் பெயரை வீட்டுக்குள்கூட உரக்கச் சொல்லாத காலத்தில், அறிமுகமற்ற ஒருத்தியின் படுக்கையருகே போய் அதை வாய்விட்டுச் சொன்னவர் அவர்.

அதே 1952இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றுக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அது செயல்படத் தொடங்கியது. அதன் பின்னணியில் நின்றவர் முத்துலட்சுமி ரெட்டி, நிதி திரட்டி நடத்தியது இந்திய மாதர் சங்கம். தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த துயரம் அவரை இப்பணிக்குள் தள்ளியது. இரண்டு இடங்களிலும் முன்முயற்சி பெண்களுடையதே. ஆயினும் ஒப்பீடு அதற்குமேல் நீளாது. நியூயார்க்கில் சிக்கல் அறுவைக்குப் பிந்தைய தனிமை. இங்கே அறுவைமேசையே இனிதான் கிடைக்க வேண்டியிருந்தது.

1974 ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு மார்பகம் அகற்றப்பட்டது. அவர் அதை மறைக்கவில்லை. சில வாரங்களில், துணை அதிபராகப் பெயர் குறிக்கப்பட்டிருந்த ராக்ஃபெல்லரின் மனைவிக்கும் அதே அறுவை. பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பரிசோதனைக்குச் சென்றதால் அந்நாட்களின் புள்ளிவிவரக் கோட்டில் ஒரு மேடே எழுந்தது. அதே ஆண்டில், அவ்வளவு புகழில்லாத ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளருக்கும் நோய் கண்டது. லாசர் தொடாத இடத்தை அவர் தொட்டார். சோதனையும் அறுவையும் ஒரே மயக்கத்தில் நடப்பதை அவர் மறுத்தார். முதலில் சோதியுங்கள், என்னை எழுப்பிச் சொல்லுங்கள், பிறகு நான் முடிவெடுக்கிறேன் என்றார். இதற்கு இசையும் மருத்துவரைத் தேடி அவர் அலைய வேண்டியிருந்தது. 1975இல் புத்தகம் எழுதினார். தொலைபேசியிலும் கடிதத்திலும் கேட்பவர்களுக்கெல்லாம் விவரம் தரும் ஆலோசனை மையம் ஒன்றையும் தொடங்கினார். 1979இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில் அவர் உறுப்பினராக அமர்ந்திருந்தார். சோதனையையும் அறுவையையும் இரு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும் என்றும், ஹால்ஸ்டெட் அறுவை இனிப் பொதுவழக்கான சிகிச்சை ஆகாது என்றும் அக்குழு கூறியது. பெர்னார்ட் ஃபிஷர் போன்றோர் நடத்திய ஒப்பீட்டு ஆய்வுகள் அந்த முடிவுக்கு அறிவியல் அடித்தளம் தந்தன. ஆனால் அந்த மேசையில் ஒரு நாற்காலி நோயாளிக்கு உரியது என்பதை நிலைநாட்டியவர் குஷ்னர்.

இப்போது ஆட்ரி லார்ட். கறுப்பினத்தவர், பெண்ணை நேசித்த பெண், கவிஞர். 1978இல் அவருக்கு மார்பகம் அகற்றப்பட்டது. ‘ரீச் டு ரெகவரி’ தொண்டர் ஒருவர் அன்போடுதான் வந்தார். இளஞ்சிவப்பு நிறத்தில் ஆட்டுமயிர் அடைத்த ஒரு பொதியை நீட்டினார். ஆண்கள் கண்ணுக்கு எவ்வித வேறுபாடும் தெரியாது என்று தேற்றினார். அந்தப் பொதியின் நிறம் லார்டின் தோலின் நிறமன்று. அந்தத் தேறுதலின் மையத்தில் இருந்த ஆண் லார்டின் வாழ்வில் இல்லை. அறுவை முடிந்த சில நாட்களில், எதையும் அடைத்துக்கொள்ளாமல் மருத்துவரின் அறைக்குப் போனபோது, இப்படி வருவது மற்ற நோயாளிகளின் மனத்திடத்தைக் கெடுக்கும் என்று செவிலியர் கடிந்துகொண்டார். போரில் கண்ணிழந்த இஸ்ரேலியத் தளபதி மோஷே தயான் கறுப்புத் துணி கட்டிய கண்ணோடு உலவும்போது எவரும் பொய்க்கண் வைத்துக்கொள்ளச் சொல்வதில்லையே என்று லார்ட் கேட்டார். 1980இல் வெளிவந்த ‘கேன்சர் ஜர்னல்ஸ்’ நூலில் அவர் முன்வைத்த வாதம் மிக எளியது: ஒரு மார்போடு வாழும் பெண்கள் அனைவரும் இரு மார்பினராகத் தோன்றும்வரை, அவர்கள் ஒருவரையொருவர் தெருவில் அடையாளம் காணவே முடியாது. தொடக்கத்தில் லாசரை வாட்டிய அதே சிக்கலை, லாசர் கண்ட தீர்வே நிலைநிறுத்திவிட்டது என்பது இதன் பொருள். என் வாசிப்பில் இந்த வரலாற்றின் மிகக் கூர்மையான இடம் இதுவே. லார்ட் அந்தத் தொண்டரின் அன்பை ஏளனம் செய்யவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தம்மைத் தூக்கி நிறுத்தியது பெண்களின் சூழலே என்று அவர் திரும்பத் திரும்பப் பதிகிறார். நோய் கல்லீரலுக்குப் பரவி 1992இல் அவர் இறந்தார்.

ஆய்வு மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு கிளை உளவியலாளர்களுடையது. ஸ்டான்ஃபோர்டின் டேவிட் ஸ்பீகல் குழுவினர், நோய் உடலின் பிற பகுதிகளுக்குப் பரவிவிட்ட பெண்கள் வாரந்தோறும் கூடிப் பேசும் குழுக்களை நடத்தினார்கள். அங்கே சாவைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள். ஒருத்தி இறந்தால் மற்றவர்கள் ஒன்றாகத் துக்கம் காத்தார்கள். 1989இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவு உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஆய்வில் இருந்த 86 பேரில், குழுவில் பங்கேற்றவர்கள் சராசரியாக 36.6 மாதங்கள் வாழ்ந்தார்கள், பங்கேற்காதவர்கள் 18.9 மாதங்கள். பேச்சே மருந்தாகிறது என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. பிறகு 2001இல் கனடாவில் 235 பெண்களைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வில் ஆயுள் கூடவில்லை. 2007இல் ஸ்பீகலின் சொந்த மறுஆய்விலும் கூடவில்லை. ஆனால் 2001 ஆய்வில் மனத்துயரும் வலியுணர்வும் குறைந்திருந்தன. பலர் இதைத் தோல்விக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துணை என்பது ஆயுளை நீட்டினால்தான் மதிப்புப் பெறும் என்று எதிர்பார்த்ததே மருத்துவம் விதித்த இன்னொரு நிபந்தனை. இறந்துகொண்டிருக்கும் ஒருத்தியின் வலி குறைந்தது என்பதை எந்த அளவுகோலில் ‘விளைவில்லை’ என்று குறிப்பது?

சொல்லைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. 1985இல் ஃபிட்ஸ்ஹ்யூ மல்லன் என்ற மருத்துவர், தாமே புற்றுநோயாளியாக இருந்த பட்டறிவிலிருந்து ஒரு கட்டுரை எழுதினார்: ‘குணமானவர்’, ‘குணமாகாதவர்’ என்ற இரண்டே பெட்டிகள் போதா என்றார். மறு ஆண்டு உருவான தேசியக் கூட்டமைப்பு, நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே ஒருவர் ‘சர்வைவர்’ என்று வரையறுத்தது. 1988இலிருந்து ஜூன் முதல் ஞாயிறு அவர்களுக்கான நாளாக அமெரிக்காவில் கொண்டாடப்படுகிறது. தமிழில் இச்சொல்லுக்கு இதழ்கள் ‘புற்றை வென்றவர்’ என்றே எழுதிப் பழகிவிட்டன. வென்றவர் என்றால் இறந்தவர் தோற்றவர் ஆகிவிடுகிறார். ‘மீண்டவர்’ எனக்கு ஏற்புடையது. போன இடத்திலிருந்து திரும்பி வந்தவர் என்பதற்கு மேல் அது எதையும் உரிமை கோருவதில்லை. போன இடம் ஒன்று உண்டு என்பதையும் மறைப்பதில்லை.

கொண்டாட்டம் வணிகத்தின் கைக்குப் போன கதை பலமுறை எழுதப்பட்டது, சுருக்கமாகவே சொல்கிறேன். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த சார்லட் ஹேலி 1990களின் தொடக்கத்தில் தம் வீட்டில் வைத்து வெளிர் ஆரஞ்சு நிற நாடாக்களைத் தைத்து அஞ்சலில் அனுப்பினார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தன் நிதியில் 5 விழுக்காட்டையே நோய்த்தடுப்புக்குச் செலவிடுகிறது, அதை மாற்றக் குரல் கொடுங்கள் என்பது உடனிருந்த அட்டையின் செய்தி. பெண்கள் இதழ் ஒன்றும் அழகுப்பொருள் நிறுவனம் ஒன்றும் நாடாவைக் கேட்டன. அவர் தர மறுத்தார். நிறம் இளஞ்சிவப்பாக மாற்றப்பட்டது, அட்டை காணாமற்போனது. 2001இல் பார்பரா எஹ்ரன்ரைக் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, இந்த மலர்ச்சி முகத்தைக் கட்டாயமாக்கும் பண்பாட்டைக் கிழித்துப் பார்த்தது. கோபப்பட உரிமை இல்லாத கொண்டாட்டம் அது என்றார். அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. ஆனால் டல்லஸில் 1983இல் தொடங்கிய ஓட்டங்களில், தலைமயிர் இன்னும் முளைக்காத ஒருத்தி தன்னைப்போன்ற நூறு பேரை முதன்முறையாக ஒரே திடலில் கண்டபோது உணர்ந்ததை வணிகம் என்று மட்டும் தள்ளிவிட முடியுமா? லார்ட் கேட்ட அடையாளம் காணல், அவர் விரும்பாத உடையில் வந்து சேர்ந்தது.

என்னை மிகவும் ஈர்த்த கொண்டாட்டம் படகில் நடந்தது. கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்சி ஓர் ஐயத்தை எழுப்பினார். அக்குள் கணுக்கள் எடுக்கப்பட்ட பெண்கள் அந்தக் கையால் கடும் உழைப்புச் செய்தால் நிணநீர் தேங்கிக் கை வீங்கிவிடும் என்பது அன்றைய மருத்துவ அறிவுரை. பளு தூக்காதே, மீண்டும் மீண்டும் ஒரே அசைவைச் செய்யாதே என்பார்கள். இந்த அறிவுரைக்குச் சான்று எங்கே என்று அவர் கேட்டார். தோளும் கையும் இடைவிடாமல் உழைக்கும் விளையாட்டாகத் தேடி, டிராகன் படகைத் தேர்ந்தார். இருபது பேர் துடுப்பிட, முன்னால் ஒருவர் முரசறைய, பின்னால் ஒருவர் திசைதிருப்பும் நீண்ட படகு. ஆலப்புழை வள்ளங்களியைப் பார்த்தவர்கள் எளிதில் உருவகித்துக்கொள்ளலாம். 1996இல் மார்பகப் புற்றிலிருந்து மீண்ட 24 பெண்கள் பயிற்சியில் சேர்ந்தார்கள். முன்பு துடுப்பையே தொடாதவர்கள் பலர். அவ்வாண்டு ஜூனில் போட்டியில் இறங்கினார்கள். எவருக்கும் புதிதாகக் கைவீக்கம் வரவில்லை என்பதை 1998இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் மெக்கென்சி எழுதினார். சிறிய, ஒப்பீட்டுக் குழு இல்லாத அந்த முயற்சி எதையும் இறுதியாக நிறுவிவிடவில்லை. ஆனால் 2009இல் 141 பெண்களிடம் முறையாக நடந்த எடைப்பயிற்சி ஆய்வும், படிப்படியாகக் கண்காணிப்போடு பளு தூக்குவது வீக்கத்தைக் கூட்டவில்லை என்றே கண்டது.

ஒரு பருவத்தோடு முடிவதாக இருந்தது அந்த ஏற்பாடு. பெண்கள் படகை விட்டு இறங்க மறுத்துவிட்டார்கள். ஆதரவுக் குழுவின் வட்டமேசையில் பேச முடியாதவர்கள் படகில் பேசினார்கள், அல்லது பேசாமலேயே இருந்தார்கள்; ஒரே தாளத்தில் துடுப்பிட்டால் போதும். பிற நாடுகளிலும் அணிகள் தோன்றின. 2010இல் அவற்றுக்கென உலக அமைப்பு உருவானது. 2018இல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். இப்போட்டிகளின் முடிவில் ஒரு சடங்கு உண்டு. வென்ற அணியும் பின்தங்கிய அணியும் படகுகளை அருகருகே கொண்டுவந்து, பக்கத்துப் படகைக் கையால் பற்றிக்கொண்டு அசையாமல் நிற்கும். சற்று நேரம் மௌனம். பிறகு இளஞ்சிவப்பு மலர்களைத் தண்ணீரில் இடுவார்கள், கடந்த ஆண்டு இதே படகில் அமர்ந்திருந்து இவ்வாண்டு இல்லாதவர்களுக்காக. டிராகன் படகுப் போட்டியின் சீனத் தொன்மமும் இத்தகையதே: ஆற்றில் மூழ்கிய கவிஞர் சூ யுவானைக் காப்பாற்ற மக்கள் படகுகளை விரட்டிச் சென்றார்கள், காப்பாற்ற முடியவில்லை. அந்தத் தேடலின் நினைவே போட்டியானது என்பார்கள். வான்கூவர் பெண்களுக்குப் படகைத் தேர்ந்து கொடுத்தது உடலியங்கியல். அதில் துக்கத்துக்கான இருக்கை ஏற்கெனவே இருந்தது தற்செயல்.

இந்தியாவில் இந்த வரலாறு வேறு வேகத்தில் நகர்கிறது. 1941இல் பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை, 1951இல் இந்தியப் புற்றுநோய்ச் சங்கம் என நிறுவனங்கள் முன்பே வந்துவிட்டன. மீண்டவர்களே வார்டுகளுக்குச் சென்று பேசும் குழுக்கள் 1990களில்தான் கண்ணுக்குத் தெரியும் அளவில் உருவாயின: தில்லியில் ‘கேன்சர் சஹயோக்’, மும்பையில் புற்றிலிருந்து மீண்ட வந்தனா குப்தா 1994இல் தொடங்கிய ‘வி கேர்’. இங்கே தொண்டர் முதலில் பேச வேண்டியது பல நேரங்களில் நோயாளியிடமே அன்று. நோயின் பெயரை அவளிடம் சொல்லாமல் வைத்திருக்கும் கணவரிடமும் மாமியாரிடமும். லாசரின் பையில் இதற்கான கருவி ஏதும் இல்லை. செயற்கை மார்பகம் பற்றிய அமெரிக்க விவாதமும் அப்படியே இங்கு பொருந்துவதில்லை. புடவைத் தலைப்பு மறைக்கும் வேலையைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டுவிட்டது. அதனாலேயே அந்த விவாதம் இங்கு எழாமலும் போனது.

உலகப் புற்றுநோய்க் கணிப்பின்படி 2022இல் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் சுமார் 98,000 பேர் அதனால் இறந்தார்கள். நோய் முற்றிய பிறகே மருத்துவமனையை அடைபவர்கள் ஏராளம். மீண்டவர்களின் மேடையில் நிற்பவர் யார், அங்கு வரவே முடியாமற்போனவர் யார் என்ற கேள்வி, இந்த எண்களுக்கு நடுவே, ஃப்ளாரன்ஸைவிட இங்கே கனமானது.

வெளியேறும் நாளில் நம் நோயாளிகளிடமும் ‘அந்தக் கையால் பளு தூக்காதீர்கள்’ என்றுதான் சொல்லி அனுப்புகிறோம். தண்ணீர்க் குடமும் ஈரத்துணி மூட்டையும் இடுப்புக் குழந்தையும் காத்திருக்கும் வீட்டில் அந்த அறிவுரைக்கு என்ன பொருள் என்பதை, அதே வீட்டுக்குத் திரும்பிப்போய் ஒரு வருடம் வாழ்ந்து பார்த்தவளிடம்தான் கேட்க வேண்டும். எவ்வளவு தூக்கலாம், எந்தக் கையால் தொடங்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று அவளால் சொல்ல முடியும். அதைப் பதிவு செய்யும் கள ஆய்வுக்கு முன்வரும் மாணவர்கள் எனக்கு எழுதுங்கள். கதவின் மேல் கயிற்றைப் போட்டு இழுப்பதும் சுவரில் விரல்களால் ஏறுவதும் இன்றும் நம் வார்டுகளில் கற்றுத் தரப்படுகின்றன; அங்கிருந்து தொடங்கலாம்.